பெயர் பொறித்த அம்பு

தில்லி மோதி பாக் என்றால் முத்துத் தோட்டம். இன்று அங்கே கேட்பது ரிங் ரோட்டு மேம்பாலத்தின் இரைச்சல்தான். பழைய அரசுக் குடியிருப்புகளில் ஒரு பெரும்பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கி, புதிய கட்டடங்களை எழுப்பி, அதற்கு நியூ மோதி பாக் என்று பெயர் வைத்தார்கள். சுவர் போயிற்று, தெரு போயிற்று, குடியிருந்தவர்களும் மாற்றலாகிப் போனார்கள். பெயர் மட்டும் முன்னால் ஒரு ‘நியூ’வைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது. அருகிலுள்ள குருத்வாராவுக்கும் மோதி பாக் சாகிப் என்றே பெயர். 1707-இல் குரு கோவிந்த் சிங் இங்கே தங்கினார் என்றும், தம் வருகையை அறிவிக்கச் செங்கோட்டையை நோக்கி ஓர் அம்பு எய்தார் என்றும் சீக்கிய மரபு சொல்கிறது. தங்க முனையைப் பார்த்ததுமே அது யாருடைய அம்பு என்று பகதூர் ஷாவுக்குத் தெரிந்துவிட்டதாம். இவ்வளவு தூரம் அம்பு வந்தது அற்புதம் என்று அவர் வியக்க, அற்புதமில்லை, வில்வித்தை என்ற குறிப்போடு இரண்டாவது அம்பு வந்ததாம். எய்தவர் தம் அடையாளத்தை அம்பிலேயே வைக்கிறார். அந்த அம்பு எப்படி வந்தது என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்கிறார்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் கம்பனின் வாலி நினைவுக்கு வராமல் இருக்க மாட்டான். மார்பில் தைத்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் பொறித்திருக்கும் பெயரை வாலி படிக்கிறான். அதற்குப் பிறகுதான் வழக்கே தொடங்குகிறது. மறைந்து நின்று எய்தவன் பெயரில்லாத அம்பை எய்திருந்தால், யாரை நிறுத்திக் கேள்வி கேட்பது என்றே வாலிக்குத் தெரிந்திருக்காது. இராமன் என்ற பெயருக்கு உலகமே சேர்த்து வைத்திருந்த புகழ்தான் வாலியின் கையில் குற்றச்சாட்டாகிறது: இந்தப் பெயரை உடையவனா இதைச் செய்தான்? பெயரை ஓர் உடைமை என்றே நாம் எண்ணப் பழகியிருக்கிறோம். வாங்கலாம், விற்கலாம், பிறர் எடுத்தால் வழக்குப் போடலாம். வாலி வதைப் படலம் அதை வேறு விதமாகக் காட்டுகிறது. பெயர் என்பது, பிறர் நம்மைப் பிடித்து நிறுத்துவதற்கு நாமே கொடுத்து வைத்த பிடி. இதில் எது முதன்மையானது என்பதைச் சோதிக்க, தாமரையின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஒரு பிரிட்டிஷ் பந்தயக் கார் நிறுவனத்தைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

2011 அக்டோபர் 30 அன்று, மோதி பாக்கிலிருந்து யமுனையைத் தாண்டிப் போனால் வரும் கிரேட்டர் நொய்டாவில், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. மாவட்டத்தின் பெயர் கௌதம புத்த நகர், ஓடுதளத்தின் பெயர் புத்த். அன்று களத்தில் இரண்டு லோட்டஸ்கள் இருந்தன. பச்சையும் மஞ்சளுமாக ஒன்று, டீம் லோட்டஸ். ஏர் ஏசியா அதிபர் டோனி ஃபெர்னாண்டஸ் அந்தப் பெயரை டேவிட் ஹன்ட் என்பவரிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தார். சென்னையின் கருண் சந்தோக் அந்த ஆண்டு ஜெர்மன் பந்தயத்தில் ஓட்டியது இந்த அணிக்குத்தான். நொய்டாவில் அவருக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டம் மட்டுமே. கறுப்பும் தங்கமுமாக மற்றொன்று, லோட்டஸ் ரெனோ. நார்ஃபோக்கின் ஹெத்தலில் லோட்டஸ் கார்களைச் செய்துவரும் குரூப் லோட்டஸ் நிறுவனம், தன் பெயரையும் நிறத்தையும் அந்த அணிக்குக் கொடுத்திருந்தது. அதே ஆண்டு மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றத்தில் இந்தத் தகராறு தீர்ப்புக்கு வந்தது. ஃபெர்னாண்டஸ் தரப்பு முந்தைய உரிம ஒப்பந்தத்தை மீறியது உண்மை, ஆனாலும் ‘டீம் லோட்டஸ்’ என்ற பெயர் அவர்களுக்கு உண்டு; ‘லோட்டஸ்’ என்ற பெயரில் பந்தயத்தில் நிற்க குரூப் லோட்டஸுக்கும் உரிமை உண்டு. சொத்து வழக்கில் பாகம் பிரித்துக் கொடுப்பதுபோலப் பெயரைப் பிரித்தாயிற்று. சட்டப்படி அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் எது லோட்டஸ் என்ற கேள்வி, தீர்ப்புக்குப் பிறகும் அப்படியே இருந்தது.

அந்த ஓடுதளத்துக்குப் பெயர் தந்தவரின் மரபில் இதே கேள்வியை ஒரு தேரை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். கிரேக்க வழி அரசன் மிலிந்தன் பிக்கு நாகசேனரைச் சந்திக்க வருகிறான். நடந்து வந்தாயா, தேரில் வந்தாயா என்கிறார் நாகசேனர். தேரில் என்கிறான் அரசன். எது தேர்? ஏர்க்காலா, அச்சா, சக்கரமா, நுகமா? எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட குவியலா? அதுவும் இல்லை. அப்படியானால் தேர் என்பது இவற்றைச் சார்ந்து நிற்கும் ஒரு வழக்குச் சொல், அவ்வளவுதான் என்கிறார். பிரிட்டனின் வரித்துறைக்கு இந்த வாதம் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் அதையே அது சட்டமாக வைத்திருந்தது. முழுமையான புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கினால் இல்லை. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் பெரும்பாலும் அப்படியே விற்றது. பெட்டி பெட்டியாகச் சட்டகமும் அச்சும் ஸ்டியரிங்கும் வீட்டுக்கு வந்து சேரும், வாங்கியவர் கொட்டகையில் உட்கார்ந்து பூட்டிக்கொள்வார். குவியல் தேராகாது என்பதில் வரித்துறையும் நாகசேனரும் ஒரே கட்சி. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்றுவரை அந்த வடிவம் லோட்டஸ் பெயரில்லாமல் தயாராகிறது. ஆக, பெயர் ஒருவரிடம், தொழிற்சாலை ஒருவரிடம், வடிவம் மூன்றாமவரிடம். 2011-இல் ஃபெர்னாண்டஸ் கேட்டர்ஹாமையும் வாங்கினார் என்பதை ஒரு வேடிக்கையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நாகசேனரின் இந்த முதல் பாதியோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: எல்லாம் வெறும் பெயர் என்றால், பெயரை யார் எதில் ஒட்டினால் என்ன? 1990-இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நேர்மாறாகப் போனது. பென்ட்லியின் ‘ஓல்ட் நம்பர் ஒன்’ 1929-இலும் 1930-இலும் லெ மான்ஸில் வென்ற கார். 1 கோடி பவுண்டு விலை பேசிய தரப்பு, இது அந்தக் காரே இல்லை என்று சொல்லிப் பணம் தர மறுத்தது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: அடுத்தடுத்த பந்தயங்களுக்காக எஞ்சின், சட்டகம், உடல் என்று ஒவ்வொன்றாக மாற்றி, லெ மான்ஸில் ஓடிய காரிலிருந்து மிச்சம் என்று காட்ட ஏறக்குறைய எதுவும் இல்லை. நீதிபதி ஆட்டன் ஒவ்வொரு பாகமாக ஆராய்ந்துவிட்டு, இதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்றார். ஏன்? அந்தக் கார் எந்த ஒரு நாளிலும் இல்லாமல் போய் மறுபடி உண்டாகவில்லை. அதன் வரலாறு அறுபடவில்லை. தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆனால் அறுபடாத அந்த வரலாற்றில் இரண்டு வெற்றிகளோடு ஒரு சாவும் இருக்கிறது. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் இதே காரில்தான் கிளைவ் டன்ஃபீ மடிந்தார். லெ மான்ஸ் வேண்டும், புரூக்லாண்ட்ஸ் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சங்கிலி ஒன்றுதான்.

இதுதான் மிலிந்தன் உரையாடலின் மறுபாதியும். பிறப்பதும் இறப்பதும் ஒரே ஆள் இல்லை என்றால் வினைப்பயன் யாருக்கு என்று அரசன் கேட்கிறான். தமிழில் இந்த வழக்கைக் கூர்மையாக நடத்தியது நீலகேசி. கணந்தோறும் அழிகிறவன் செய்த வினையை வேறொருவன் துய்ப்பதா என்பது சமணர் பௌத்தரை மடக்கக் கையாண்ட கேள்வி. நாகசேனரின் பதில் ஒரு மாம்பழத் திருடன். பிடிபட்ட திருடன், தோட்டக்காரர் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு என்று வாதாடினால் விடுவாயா? விடமாட்டேன் என்கிறான் அரசன். அதிலிருந்துதானே இது வந்தது. முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றில்லை, ஆனாலும் இராமுழுக்க எரிந்தது ஒரே விளக்குதான். நிலையான சாரம் எதுவும் வேண்டாம் என்று சொல்லும் அதே தத்துவம், தொடர்ச்சியை ஒப்புக்கொண்டவன் அதன் கணக்கையும் ஏற்க வேண்டும் என்கிறது. பெயர் வெறும் வழக்குச் சொல்தான்; ஆனால் அந்தச் சொல் செய்ய வேண்டிய வேலை, முன்னே செய்ததையும் பின்னே நிற்பவனையும் ஒரே கணக்கில் வைப்பது.

இனி லோட்டஸின் கணக்கைப் பார்க்கலாம். காலின் சாப்மன் 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் செவனை அடிப்படையாக வைத்து முதல் காரைச் செய்தார், 1952-இல் நிறுவனம் தொடங்கினார், 1954-இல் பந்தய அணியைத் தனியாகப் பிரித்தார். எடையைக் குறைப்பதில் அவருக்கு ஏறக்குறைய ஒரு சமயப் பற்று இருந்தது. குழாய்ச் சட்டகத்தைக் கைவிட்டு உடலையே சட்டகமாக்கிய லோட்டஸ் 25, காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்திய 78, 79 எல்லாம் அந்தப் பற்றின் கனிகள். ஏழு முறை தயாரிப்பாளர் பட்டம். கிளார்க், ஹில், ரிண்ட், ஃபிட்டிபால்டி, ஆன்ட்ரெட்டி என்று சாம்பியன்களின் வரிசை. ஏட்டின் மறுபக்கத்தில், 1960-இல் ஸ்பாவில் ஸ்டிர்லிங் மாஸின் லோட்டஸ் சக்கரம் கழன்று ஓடியது. அதே வார இறுதியில் மைக் டெய்லரின் லோட்டஸில் ஸ்டியரிங் தண்டு முறிந்தது. டெய்லரின் பந்தய வாழ்வு அதோடு முடிந்தது. அவர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து வென்றார். கிளார்க் 1968-இல் ஹாக்கன்ஹைமில் இறந்தார். 1969-இல் பார்சிலோனாவில் ஹில், ரிண்ட் இருவரின் கார்களிலும் இறக்கைகள் முறிந்தன. அதற்குப் பின் ரிண்ட் சாப்மனுக்குக் கடிதம் எழுதினார்: நம்பிக்கை வைக்க முடிகிற காரில்தான் தன்னால் ஓட்ட முடியும், அந்த நம்பிக்கை போய்க்கொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். மறு ஆண்டு மான்சாவில் பிரேக் தண்டு முறிந்து அவர் இறந்தார். சாம்பியன் பட்டம் இறந்தவருக்கே போயிற்று. 1978-இல் பீட்டர்சன், மறுபடி மான்சா.

2011-இல் பெயருக்காக மோதிய இரு தரப்பும் இந்த ஏட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டன? டீம் லோட்டஸ் அந்த ஆண்டு ஜூனில் வலென்சியாவில் தன் 500-ஆவது பந்தயத்தைக் கொண்டாடியது. எல்லாப் பட்டங்களும் தங்களுடையவை என்ற பாவனை அதில் இருந்தது. பச்சை மஞ்சள் கிளார்க்கின் வெற்றிக் காலத்து நிறம். கறுப்புத் தங்கம் ஆன்ட்ரெட்டியின், செனாவின் நிறம். கிளார்க்கும் ரிண்டும் இறந்த கார்களின் சிவப்பு, வெள்ளை, தங்க நிறத்தை யாரும் கேட்கவில்லை. (இதை ஒரு சான்றாக அழுத்த மாட்டேன். பீட்டர்சன் இறந்தது கறுப்புத் தங்கத்தில். ஹில் வென்றது சிவப்பு வெள்ளையில். ஆனாலும் கண்ணில் படுகிறது.) பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரை வைத்துக்கொண்டு, தாத்தா ஊருக்குள் வைத்துவிட்டுப் போன பாக்கி எனக்குத் தெரியாது என்று சொல்கிற பேரனை நம் ஊர்கள் என்ன சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2011-இல் அணியில் ஸ்பானர் பிடித்த ஓர் இளைஞனுக்கு 1970-இன் பிரேக் தண்டோடு என்ன உறவு? செத்தவன் தப்புக்கு இருக்கிறவனை நிறுத்துவது அநியாயம். இந்து தருமசாத்திர மரபே இதில் தன்னோடு தானே போராடியிருக்கிறது. தந்தையின் கடனை மகன் தீர்ப்பது சமயக் கடமை என்றது அது. ஆங்கிலேய நீதிமன்றங்களும் பிறகு இந்திய நீதிமன்றங்களும் அதை நடைமுறைப்படுத்தின. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம்தான், அந்தக் கடமையை மட்டும் காரணம் காட்டி மகன் மீதோ பேரன் மீதோ கடனுக்கு நடவடிக்கை எடுக்கும் வழியை மூடியது. மூடியது சரி என்றே நினைக்கிறேன். மகனாகப் பிறப்பதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. லோட்டஸ் விஷயம் அப்படியில்லை. அந்தப் பெயரைத் தேடிப்போய், பணம் கொடுத்து, நீதிமன்றம் ஏறி வாங்கினார்கள். பிறப்பால் வந்த கடமையைச் சட்டம் தள்ளலாம். விரும்பி ஏற்ற தொடர்ச்சியில், பலன் எனக்கு, பாக்கி ஊருக்கு என்பது மாம்பழத் திருடனின் வாதம். ஸ்பானர் பிடித்த இளைஞன் குற்றவாளி இல்லை என்பதும் உண்மை. குற்றம் வேறு, பதில் சொல்வது வேறு. ரிண்டின் பெயர் வரும்போது அது எங்கள் காரில் நடந்தது என்று சொல்வதற்குக் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை.

பழைய மரபு ஒரு விலக்கும் வைத்திருந்தது: சூதாட்டம் போன்ற அறத்துக்குப் புறம்பான கடனை மகன் தீர்க்க வேண்டாம். இதைப் பிடித்துக்கொண்டு சாப்மனின் கடைசி அத்தியாயத்தைக் கழித்துவிட முடியுமா? பிரிட்டிஷ் அரசின் பணத்தில் பெல்ஃபாஸ்ட் அருகே நடந்த டிலோரியன் கார்த் திட்டத்துக்கு லோட்டஸ் வடிவமைப்புப் பணி செய்தது. அதற்கென்று கொடுத்த பணத்தில் 1 கோடி டாலருக்கும் மேல் வேறு வழியில் மறைந்தது. சாப்மன் 1982 டிசம்பரில் இறந்துபோனார். 1992-இல் லோட்டஸின் முன்னாள் நிதி இயக்குநர் சிறை சென்றபோது, சாப்மன் உயிரோடு இருந்து கூண்டில் நின்றிருந்தால் அவருக்குக் குறைந்தது 10 ஆண்டு கிடைத்திருக்கும் என்றார் நீதிபதி. இந்தப் பணத்தை இன்றைய உரிமையாளர்கள் கட்ட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. விலக்கு இங்கே பொருந்துகிறது. ஆனால் விலக்குக் கேட்பதற்கே முதலில் மகன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். லோட்டஸ் காரின் சின்னத்தில் இன்றும் ஏ.சி.பி.சி. என்று நான்கு எழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன. ஆந்தனி காலின் புரூஸ் சாப்மன். முகப்பில் அவர் பெயரை ஒட்டிக்கொண்டு அவர் யாரோ என்று சொல்ல முடியாது.

பெயர் போனாலும் கடன் நிற்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கோவையின் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஓட்டிய ஜோர்டான் அணி, கைமாறிக் கைமாறி 2008-இல் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா ஆயிற்று. 2018-இல் அது நொடித்து நிர்வாகியின் கைக்குப் போனது. வாங்கியவர்கள் அடுத்த பந்தயத்தில் அதே கார், அதே ஓட்டுநர்களோடு வந்தார்கள். பெயரில்கூட ஃபோர்ஸ் இந்தியா ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதுவரை சேர்த்திருந்த 59 புள்ளிகளும் போய், பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். இது வேறு அணி என்றது விதி. கடன்காரர்கள் எல்லோருக்கும் முழுப் பணம், 405 பேரின் வேலைக்கும் உறுதி என்ற ஏற்பாட்டோடுதான் அது வாங்கப்பட்டது. புகழ் அறுந்தது, பொறுப்பு அறவில்லை. இன்று ஆஸ்டன் மார்ட்டின் என்ற பெயரில் ஓடும் அந்த அணி, என் கணக்கில், புள்ளிப் பட்டியல் சொல்வதைவிட ஜோர்டானுக்கு நெருங்கிய வாரிசு.

மோதி பாக்குக்குப் பக்கத்தில், ராமகிருஷ்ணபுரம் குன்றின் மேல் தில்லித் தமிழர் எழுப்பிய மலை மந்திர் இருக்கிறது. 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதன் கோயில். எந்தத் தமிழ்க் கோயிலிலும் திருப்பணிக்கு முன் என்ன நடக்கிறது என்பது அங்கே போய்வருகிற பாட்டிமாருக்குத் தெரியும். மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்துக்கு இறக்கி, ஒரு சிறு பாலாலயத்தில் வைக்கிறார்கள். சுதை உதிர்ந்து, விமானம் இறங்கி, வர்ணம் மாறும். அத்தனை மாதமும் பாலாலயத்தில் நித்திய பூஜை ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. ஆகமத்தின் பார்வையில் கல் மாறலாம், கட்டடம் மாறலாம். நைவேத்தியம் மட்டும் தவறக் கூடாது. தினமும் செய்ய வேண்டிய கடன் அறுபடாமல் போகிற இடத்தில்தான் அதே சுவாமி என்று சொல்ல நமக்கு வாய் வருகிறது. இதோடு 1994-ஐ ஒப்பிட்டுப் பார்க்கலாம்: திவாலான டீம் லோட்டஸின் பெயரை அந்த ஆண்டு டேவிட் ஹன்ட் வாங்கினார். 1995 தொடங்கும்போதே அணி களத்திலிருந்து போயிற்று. அதன் பிறகு 2011 வரை அந்தப் பெயர் பெரும்பாலும் ஒரு கோப்பில்தான் கிடந்தது. கும்பம் இருந்தது, பூஜை இல்லை.

நொய்டாவின் இரு லோட்டஸ்களும் என்ன ஆயின? பச்சை அணி அடுத்த ஆண்டே பெயரை விட்டுக்கொடுத்துக் கேட்டர்ஹாம் ஆயிற்று. 2014-இல் அது திவால் நிர்வாகிகளிடம் போனது; கடைசிப் பந்தயத்துக்கு ரசிகர்களிடம் பணம் திரட்டி ஓடியது. கறுப்பு அணி 2012 முதல் லோட்டஸ் என்றே ஓடி, ரைக்கோனனின் கையால் இரண்டு பந்தயம் வென்று, 2015-இல் வரிப் பாக்கிக்காக நீதிமன்றத்தில் நின்றது. பாக்கி கட்டாததால் ஜப்பானில் அதன் விருந்தினர் அறையைப் பூட்டினார்கள். ஆண்டு இறுதியில் ரெனோ அந்த அணியைக் கடன்களோடு திரும்ப எடுத்துக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் என்ஸ்டோனில் இருக்கும் அந்த அணி லோட்டஸாவதற்கு முன் ரெனோ, அதற்கு முன் பெனட்டன், அதற்கும் முன் டோல்மேன். நொய்டாவில் அந்தக் கறுப்புக் காரில் உட்கார்ந்திருந்த புருனோ, அயர்ட்டன் செனாவின் மருமகன். மாமன் லோட்டஸில் வென்ற நிறம் என்று எல்லாரும் அன்று அதைப் படம் எடுத்தார்கள். அயர்ட்டன் 1984-இல் முதன்முதலாக ஃபார்முலா ஒன் ஓட்டியது டோல்மேனுக்கு.